காய்ச்சலே இல்லை, பிளேட்லெட் மட்டும் ஏன் இறங்குகிறது?

கடலூரிலிருந்து 24 வயது இளைஞர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயர், வேலை பார்க்கும் இடம், வைத்தியம் பார்த்த இடங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

இருசக்கர வாகன ஷோரூம் ஒன்றின் சர்வீஸ் பிரிவில் மெக்கானிக். சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் கபடி. ஐப்பசிக் கடைசியில் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்திருக்கிறது. பிரஷ் சரியில்லை என்று புது பிரஷ் வாங்கினார். பிறகு இரண்டு கணுக்காலிலும் சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடி என்று விட்டுவிட்டார். தொடையிலும் முழங்கையிலும் அடிபட்ட ஞாபகமே இல்லாமல் நீலமாக ரத்தக்கட்டு. "பாண்டிக்குப் போய்க் குடிச்சிட்டு எங்கடா விழுந்த?" என்று கேட்ட அம்மா ஒரு வாரம் பேசவில்லையாம். உடம்பு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். ஒருமுறை ஊசியும் போட்டுக்கொண்டார். ஊசி போட்ட இடம் எலுமிச்சை அளவு வீங்கிக் கன்றிப்போனது. ஒரு நாள் இரவு மூக்கில் வழிந்த ரத்தம் நிற்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் பயந்திருக்கிறார்.

மறுநாள் பரிசோதனையில் தட்டணு (பிளேட்லெட்) 22,000. மழைக்காலம் என்பதால் டெங்கு என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். காய்ச்சல் இல்லை, டெங்கு கார்டு டெஸ்ட்டும் நெகட்டிவ். ஆனாலும் "டெங்கு மாதிரிதான்" என்றார்களாம். இரண்டு நாள் தட்டணு ஏற்றி, 41,000 ஆனதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் 18,000. பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் குடிநீர், மாதுளம்பழம் எல்லாம் ஆயிற்று. அடுத்த பத்து நாளில் ஒரு லேபில் 31,000, மறுநாளே இன்னொரு லேபில் 9,000. கடைசியாகப் புதுச்சேரியில் ஒரு பொது மருத்துவர் பார்த்துவிட்டு, "உங்கள் உடம்பே உங்கள் பிளேட்லெட்டை அழிக்கிற மாதிரி இருக்கிறது, ஆட்டோ இம்யூன்" என்று சொல்லிப் பதினோரு டெஸ்ட் எழுதிக்கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு ஸ்டீராய்டு தொடங்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அந்தச் சீட்டு எட்டு நாளாக இவர் சட்டைப்பையில் இருக்கிறது.

கேள்விகள்: பதினோரு டெஸ்ட் எழுதுகிறார் என்றால் டாக்டருக்கே தெரியவில்லை என்றுதானே அர்த்தம்? பிளேட்லெட் ஆன்டிபாடி டெஸ்ட் ஒன்று எடுத்தால் போதும் என்று லேபில் சொல்கிறார்களே? சித்தப்பா சொல்வதுபோல் ரத்தப் புற்றுநோயா, எலும்பு மஜ்ஜை எடுக்கவேண்டுமா? எச்.ஐ.வி. டெஸ்ட்டை ஏன் எழுதினார், என்னைப் பற்றி என்ன நினைத்துவிட்டார்? ஸ்டீராய்டு கிட்னியைக் கெடுக்காதா? பொங்கலுக்குக் கபடிப் போட்டி, ஆடலாமா?

தம்பி,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஆடக்கூடாது. தட்டணு 50,000-க்கு மேல் ஏறி, அங்கேயே நிற்கிறது என்று உங்கள் மருத்துவர் சொல்லும்வரை கபடி வேண்டாம். பைக்கையும் தவிர்க்கப் பாருங்கள். முடியாதென்றால் ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக்குக்கூட போகாதீர்கள். தலையில் சின்ன அடிபட்டாலும் உங்களுக்கு இப்போது அது சின்ன அடி இல்லை.

உங்கள் மின்னஞ்சலைப் படித்த அன்றே இரண்டு வரி அனுப்பியிருந்தேன்: சீட்டை எடுத்துக்கொண்டு நாளைக்குள் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள், தலைவலி, வாந்தி, கண் மங்கல், தார்போல் கறுப்பாக மலம், வாய்க்குள் ரத்தக் கொப்புளம் இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு உடனே போங்கள் என்று. புதிதாகக் கண்டுபிடித்த ஒருவருக்கு 20,000-க்குக் கீழே எண்ணிக்கை இருந்தால் பொதுவாக உள்நோயாளியாகச் சேர்த்துத்தான் பார்ப்போம். ஆகவே எட்டு நாள் தாமதித்தது தவறு, அதைச் சொல்லிவிடுகிறேன். இனி சாவகாசமாகப் பேசலாம். இதே குழப்பத்தில் இருக்கும் வேறு சிலருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கால் சொல்வது

ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துக் கணுக்கால் புள்ளிகள்மேல் அழுத்திப் பாருங்கள். கொசுக்கடியோ அலர்ஜியோ என்றால் அழுத்தும்போது சிவப்பு மறைந்து தோல் வெளுக்கும். மறையாமல் கண்ணாடிக்கு அடியில் அப்படியே குங்குமப் பொட்டுபோல் தெரிந்தால், அது தோலுக்குள் கசிந்த ரத்தம். காலில் அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நாள் முழுக்க நின்று வேலை செய்கிற உங்களுக்கு ரத்தக்குழாய் அழுத்தம் அங்கேதான் கூடுதல். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இதே புள்ளிகள் முதுகில் வரும்.

ரத்தப்போக்கில் இரண்டு வகை உண்டு. தட்டணு குறைந்தால் மேலோட்டமாக வரும்: ஊசிமுனைப் புள்ளி, ஈறு, மூக்கு, பெண்களுக்கு மாதவிடாய். ரத்தம் உறைய வைக்கும் புரதங்கள் குறைந்தால் ஆழத்தில் வரும்: தொடைச் சதைக்குள், மூட்டுக்குள், வயிற்றுச் சுவருக்குள். உங்கள் புள்ளி, ஈறு, மூக்கு மூன்றும் முதல் வகை. ஊசி போட்ட இடத்து வீக்கம் மட்டும் இரண்டிலும் நடக்கலாம். அதனால்தான் அந்த மருத்துவர் உறைதல் டெஸ்ட்டையும் சேர்த்து எழுதியிருக்கிறார். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை கடிதத்திலேயே முக்கியமானவை அவைதான். இரண்டு வருடம் முன் வேலையில் சேர எடுத்த ரிப்போர்ட்டில் தட்டணு 2,60,000. பத்தாம் வகுப்பில் பல் பிடுங்கியபோது ஒன்றும் ஆகவில்லை. பிறவியிலேயே தட்டணு குறைவாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களை ஆட்டோ இம்யூன் என்று தவறாக நினைத்து வருடக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்த கதைகளும் உண்டு. உங்களுக்கு அது இல்லை என்பதை அந்தப் பழைய காகிதம் சொல்லிவிடுகிறது. அதை லேமினேட் செய்தாவது பத்திரப்படுத்துங்கள்.

சாதாரண அளவு ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம். கார்த்திகையில் கடலூரில் தட்டணு குறைந்து ஒருவர் வந்தால் முதலில் டெங்குவை நினைப்பது தப்பே இல்லை, நானும் நினைப்பேன். ஆனால் டெங்குவில் முதலில் காய்ச்சல் வரும், எண்ணிக்கை சில நாட்களில் அடிமட்டத்தைத் தொட்டு, பத்து நாளுக்குள் பெரும்பாலும் தானாக ஏறிவிடும். ஒன்றரை மாதமாகக் காய்ச்சலும் இல்லாமல் ஏறவும் இல்லாமல் கிடக்காது. பப்பாளி இலைக்குப் பெயர் கிடைத்ததும் இப்படித்தான்: டெங்குவில் தானாக ஏறுகிற நேரமும் சாறு குடிக்கிற நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகிறது. உங்களுக்கு அது தேவையில்லை, வயிற்றைப் புரட்டும். மாதுளம்பழம் பிடித்தால் சாப்பிடுங்கள், பிளேட்லெட்டுக்காகச் சாப்பிடவேண்டாம்.

இரண்டு எண்ணில் எது உண்மை?

31,000, மறுநாள் 9,000. "எந்த லேப் ஏமாற்றுகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏமாற்றவேண்டிய அவசியமே இல்லை. பல இயந்திரங்கள் தட்டணுவை அளவை வைத்துத்தான் எண்ணுகின்றன. உங்களைப் போன்றவர்களுக்கு மஜ்ஜை அவசர அவசரமாகப் புதுத் தட்டணுக்களை அனுப்பும். அவற்றில் பல பெரிதாக இருக்கும். சில இயந்திரங்கள் பெரியவற்றைச் சிவப்பணு என்று நினைத்து விட்டுவிடும். எண்ணிக்கை குறையக் குறைய இயந்திரத்தின் துல்லியமும் குறையும்.

இன்னொரு விஷயம், ஊதா மூடிக் குழாய். அதிலிருக்கும் இ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் சிலருடைய தட்டணுக்களைக் கொத்துக்கொத்தாக ஒட்டவைத்துவிடும். இயந்திரம் கொத்தை எண்ணாது. ரிப்போர்ட்டில் 11,000 என்று வரும், ஆள் நல்ல கல்லுமாதிரி இருப்பார். பயிற்சிக் காலத்தில் அப்படி ஒருவரை மஜ்ஜைப் பரிசோதனைக்குப் படுக்கவைத்துவிட்டு, எதற்கும் பார்ப்போம் என்று ஒரு சொட்டு ரத்தம் தடவிய கண்ணாடித் தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தோம். தகட்டின் ஓரத்தில் திராட்சைக் குலை மாதிரி தட்டணு. மன்னிப்புக் கேட்டு எழுப்பி அனுப்பினோம். அன்றிலிருந்து தகட்டைப் பார்க்காமல் யாருக்கும் நோய்ப்பெயர் சொல்வதில்லை. இளநீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, குழாயில் உள்ள திரவத்துக்காகப் பத்து சதவீதம் கூட்டிக்கொண்டால் சரியான கணக்கு வந்துவிடும்.

உங்களுக்குப் புள்ளியும் ரத்தமும் இருப்பதால் குறைவு உண்மைதான் என்று நினைக்கிறேன். இனிமேல் ஒரே லேபில், முடிந்தால் ஒரே நேரத்தில் எடுங்கள். தினம் எடுக்காதீர்கள். ரிப்போர்ட்டில் 9,000 இருந்து வாயில் ரத்தம் இல்லாதவரைவிட, 18,000 இருந்து வாய்க்குள் கொப்புளத்தோடு வருபவரைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

ஒரே டெஸ்ட் ஏன் இல்லை

உங்கள் மருத்துவர் மனதில் இருப்பது ஐ.டி.பி. என்று சுருக்கமாகச் சொல்லும் நோய். கிருமியோடு போராடவேண்டிய எதிர்ப்பொருள், சொந்தத் தட்டணுமேல் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதை மண்ணீரல் வேண்டாத சரக்கு என்று பிடித்து விழுங்கிவிடும். ஏழு முதல் பத்து நாள் வாழவேண்டிய தட்டணு, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ காலி. உங்களுக்கு ஏற்றிய தட்டணு 41,000 ஆகி மூன்றே நாளில் 18,000-க்கு இறங்கியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். வெளியிலிருந்து வந்ததையும் உங்கள் மண்ணீரல் விட்டுவைக்கவில்லை. உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு இருந்தால் தவிர இந்த நோயில் தட்டணு ஏற்றுவதில்லை.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1950-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர், நோய் ரத்தத்தில்தான் இருக்கிறது என்று சந்தேகப்பட்டு, ஐ.டி.பி. நோயாளி ஒருவரின் ரத்தத்தைத் தனக்கே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணு அதலபாதாளத்துக்குப் போனது, வலிப்பும் வந்தது. ஐந்தாறு நாளில் தேறிவிட்டார். நோயாளியின் ரத்தத்தில் மிதக்கும் ஏதோ ஒன்றுதான் தட்டணுவை அழிக்கிறது என்று அப்படித்தான் உறுதியானது.

அந்த எதிர்ப்பொருளை நேரடியாகத் தேடுவதுதான் லேபில் சொன்ன ஆன்டிபாடி டெஸ்ட். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் உண்மையாகவே ஐ.டி.பி. உள்ள பலருக்கு அது நெகட்டிவ் என்று வரும், வேறு நோய்களில் பாசிட்டிவ் என்றும் வரும். எப்படி வந்தாலும் உங்கள் சிகிச்சை மாறப்போவதில்லை. அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து மீதி நிற்பதை ஐ.டி.பி. என்கிறோம். ஆகவே பதினோரு டெஸ்ட் எழுதியவர் தெரியாமல் எழுதவில்லை. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று வருபவரிடம் நீங்கள் பெட்ரோல், பிளக், பேட்டரி என்று வரிசையாகப் பார்ப்பீர்களா, எடுத்ததும் இன்ஜினை இறக்குவீர்களா?

அந்தப் பட்டியல்

ஸ்மியர் என்று எழுதியிருப்பதுதான் நான் சொன்ன கண்ணாடித் தகடு. விலை குறைந்தது, பட்டியலில் முதல் இடம் அதற்குத்தான். தட்டணு உண்மையிலேயே குறைவா, இளம் புற்றணுக்கள் தெரிகின்றனவா என்று காட்டும். உடைந்த சிவப்பணுத் துண்டுகள் தெரிந்தால் கதை வேறு. டி.டி.பி. என்று கிட்டத்தட்ட அதே பெயரில் இன்னொரு ஆட்டோ இம்யூன் நோய் உண்டு. அதில் ரத்தம் கசிவதோடு நில்லாமல் நுண்குழாய்களுக்குள் உறைந்தும் போகும், மூளையும் சிறுநீரகமும் பாதிக்கும். ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை உடனே மாற்ற ஓடவேண்டிய அவசரம் அது.

ரெட்டிக்குலோசைட், எல்.டி.எச்., கூம்ப்ஸ் மூன்றும் சிவப்பணுவும் அழிகிறதா என்று பார்க்க. சிலருக்கு உடம்பு தட்டணுவையும் சிவப்பணுவையும் சேர்த்தே அழிக்கும். அதற்கு ஈவான்ஸ் சிண்ட்ரோம் என்று பெயர். கண் மஞ்சளானால், சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மறக்காமல் சொல்லுங்கள்.

பி.டி., ஏ.பி.டி.டி. இரண்டும் உறைதல் டெஸ்ட். ஐ.டி.பி.யில் இரண்டும் சரியாகவே இருக்கும். ஏ.பி.டி.டி. மட்டும் நீண்டிருந்தால், உங்கள் பிளாஸ்மாவோடு ஆரோக்கியமானவரின் பிளாஸ்மாவைக் கலந்து மறுபடி பார்ப்பார்கள். கலந்ததும் சரியானால் ஏதோ புரதம் குறைவு. சரியாகாவிட்டால் உள்ளே எதிரி இருக்கிறான். எட்டாம் எண் உறைபொருளைத் தாக்கும் எதிர்ப்பொருளாக இருந்தால் அது பிறவியில் இல்லாமல் நடுவில் வந்த ஹீமோஃபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்). முதியவர்களுக்கும், பிரசவமான இளம் பெண்களுக்கும் வருவதுண்டு, உங்கள் வயது ஆணுக்கு அபூர்வம். அந்த எதிர்ப்பொருள் சில மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அதனால் கலவையை 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்க்காத லேபில் தப்பிவிடும். வேடிக்கை என்னவென்றால், ஏ.பி.டி.டி.யை நீட்டிக் காட்டும் வேறொரு எதிர்ப்பொருள் உடம்புக்குள் ரத்தத்தை உறையவைக்கும். காலில், நுரையீரலில் ரத்தக்கட்டி, பெண்களுக்குத் திரும்பத் திரும்பக் கருச்சிதைவு. அதிலும் தட்டணு கொஞ்சம் குறையலாம்.

ஏ.என்.ஏ. என்பது, உடம்பே தன் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் நோய்க்கான முதல் சல்லடை. முடிவு வர நாளாகும். அதற்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்கவேண்டாம். லேசாக பாசிட்டிவ் என்று வந்தாலே லூபஸ் என்று முடிவுகட்டவும் கூடாது. நல்ல ஆரோக்கியமானவர்களுக்கே அப்படி வருவதுண்டு. மூட்டுவலி, வாய்ப்புண், வெயிலில் முகச்சிவப்பு, சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று சேர்த்துத்தான் பார்ப்போம்.

வயிற்று ஸ்கேன் மண்ணீரலுக்காக. ஐ.டி.பி.யில் மண்ணீரல் பெரும்பாலும் சாதாரண அளவில்தான் இருக்கும். பெரிதாக இருந்தால் கல்லீரல் நோயோ வேறெதுவோ இருக்கலாம். இங்கேதான் அம்மாவின் கேள்வியை நானும் கேட்கவேண்டியிருக்கிறது. குடிப்பதே இல்லை என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் கடலூர்ப் பையன் யார் வந்தாலும் புதுச்சேரி டாக்டர் அதைக் கேட்காமல் விடமாட்டார். மது மஜ்ஜையையும் அமுக்கும், கல்லீரல் வழியாக மண்ணீரலையும் வீங்கவைக்கும். கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றும் இந்தப் பட்டியலில் எல்லோருக்கும் உண்டு. கோயில் குருக்களுக்கும் எழுதுவேன், கல்யாணமாகாத பெண்ணுக்கும் எழுதுவேன். எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் சில சமயம் வேறு அறிகுறியே இல்லாமல் தட்டணுக் குறைவாகத்தான் முதலில் தெரியவரும். ஹெபடைடிஸ் பி ஒளிந்திருப்பது தெரியாமல், நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டோ ரிட்டுக்ஸிமாபோ கொடுத்தால் அது பொங்கி எழுந்து கல்லீரலைத் தாக்கலாம். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி, விளக்கிச் சொல்லி உங்கள் சம்மதம் வாங்கித்தான் அந்த டெஸ்ட் எடுக்கவேண்டும். முடிவை உங்கள் அனுமதியில்லாமல் முதலாளியிடமோ வீட்டாரிடமோ சொல்லக்கூடாது. சம்மதம் கொடுங்கள் என்பது என் ஆலோசனை.

பட்டியலில் இல்லாத ஒன்றை நான் சேர்ப்பேன்: கடந்த மூன்று மாதத்தில் வாயில் போட்ட எல்லாவற்றையும் எழுதுங்கள். சல்ஃபா மாத்திரை, கொயினைன், ஜிம்மில் கொடுத்த பவுடர், பெயரில்லாத சூரணம் எதுவானாலும் சரி. சில மருந்துகளே தட்டணுவை இறக்கும். உடம்பு வலி மாத்திரை எண்ணிக்கையை அநேகமாக இறக்கியிருக்காது. ஆனால் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை மிச்சமிருக்கும் தட்டணுவையும் வேலை செய்யவிடாமல் கட்டிப்போடும். வலிக்குப் பாரசிட்டமால் மட்டும். சதையில் ஊசி எதுவும் வேண்டாம்.

புற்றுநோயா, மஜ்ஜையா

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 13.1, வெள்ளையணு 7,400. எடை குறையவில்லை, காய்ச்சல் இல்லை, கழுத்திலும் அக்குளிலும் கட்டி இல்லை. ரத்தப் புற்றுநோயில் தட்டணு மட்டும் தனியாக விழுந்து மற்றவை இவ்வளவு ஒழுங்காக இருப்பது அரிது. தகட்டைப் பார்க்காமல் 'இல்லவே இல்லை' என்று சொல்லமாட்டேன். சித்தப்பாவிடம் அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள்.

தகடு சுத்தமாக இருந்து மற்றதெல்லாம் பொருந்தினால் மஜ்ஜைப் பரிசோதனை முதலிலேயே தேவையில்லை. முன்பு அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குக் கட்டாயம் என்றிருந்தது, இப்போது அதுவும் இல்லை. வெள்ளையணுவோ ஹீமோகுளோபினோ காரணமில்லாமல் மாறினால், மண்ணீரல் பெரிதானால், சிகிச்சைக்கு எண்ணிக்கை ஏறவே இல்லையென்றால் அப்போது எடுக்கலாம். பயப்படவேண்டாம், முதுகெலும்பில் எடுப்பதில்லை. இடுப்பெலும்பின் பின்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பார்கள், அன்றே வீட்டுக்கு வரலாம்.

ஸ்டீராய்டு பயம்

ஸ்டீராய்டு கிட்னியைக் கெடுக்காது. கிட்னியைக் கெடுக்கக்கூடியது நீங்கள் மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை. ஸ்டீராய்டுக்கு வேறு பக்கவிளைவுகள் உண்டு, மறைக்கமாட்டேன். தூக்கம் கெடும், பசி கூடும், முகம் உப்பும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறலாம், தொற்று எளிதில் பிடிக்கும். மாதக்கணக்கில் எடுத்தால் எலும்பும் தேயும். அதனால்தான் இப்போது ஆறு வாரத்துக்குள் முடித்துக்கொள்ளவேண்டும் என்கிறார்கள். பிரெட்னிசோலோன் என்றால் எடைக்கேற்ற அளவில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வருவார்கள். டெக்ஸாமெத்தசோன் என்றால் நாலு நாள் பெரிய அளவில். வாரக்கணக்கில் சாப்பிட்டதை நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள்.

தொடங்குவதற்குமுன் ரத்தம் எடுத்தாகவேண்டும் என்று உங்கள் மருத்துவர் சொன்னதில் பெரிய அர்த்தம் இருக்கிறது. ஸ்டீராய்டு சில வகை ரத்தப் புற்றுநோய்க்கே சிகிச்சையின் ஒரு பகுதி. தெரியாமல் கொடுத்தால் நோய் அரைகுறையாக அடங்கி ஒளிந்துகொள்ளும். ரத்தப்போக்கு அதிகமானால் இம்யூனோகுளோபுலின் ட்ரிப் போடுவார்கள். ஓரிரு நாளில் ஏற்றிவிடும், சில வாரம்தான் நிற்கும், விலையும் அதிகம். அது ஆயிரக்கணக்கானோரின் எதிர்ப்பொருள் கலந்த மருந்து என்பதால், போட்டபின் எடுக்கும் சில டெஸ்ட்கள் பொய்யாக பாசிட்டிவ் காட்டும். ஆக, முதலில் குழாய்களில் ரத்தம், அப்புறம் மருந்து. இது ஒரு மணி நேர வேலை.

ஸ்டீராய்டுக்கு எண்ணிக்கை நன்றாக ஏறினால் அதுவும் நோயை உறுதிசெய்யும் ஒரு சாட்சி. நிறைய பேருக்கு ஏறும். அவர்களில் கணிசமானவர்களுக்கு மருந்து குறைந்ததும் மறுபடி இறங்கும், அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அப்படியானால் எல்ட்ரம்போபாக், ரிட்டுக்ஸிமாப் என்று அடுத்த படிகள் இருக்கின்றன. மண்ணீரலை எடுக்கும் அறுவைச் சிகிச்சையை ஒரு வருடமாவது தள்ளிப்போட்டுத்தான் யோசிப்போம். யாராவது முதல் மாதத்திலேயே சொன்னால் இன்னொருவரிடம் கேளுங்கள். எண்ணிக்கை 30,000-க்கு மேல் நின்று ரத்தம் எதுவும் வராவிட்டால் மருந்தே இல்லாமல் கவனித்துக்கொண்டு மட்டும் இருப்பதும் ஒரு வழி. ஒன்றரை லட்சத்தைத் தொட்டே ஆகவேண்டும் என்று யாருக்கும் குறி வைப்பதில்லை.

காகிதமும் சம்பளமும்

அந்தத் தனியார் மருத்துவமனை பில் மட்டும் கொடுத்தது, டிஸ்சார்ஜ் சம்மரி தரவில்லை என்கிறீர்கள். எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தரவேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. எத்தனை யூனிட் தட்டணு ஏற்றினார்கள், இடையில் ஸ்டீராய்டு ஊசி ஏதும் போட்டார்களா என்பது அதில்தான் இருக்கும். போட்டிருந்தால் இனி எடுக்கும் டெஸ்ட்களைப் படிக்கும் விதமே மாறும்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால் அட்டையைத் தூசி தட்டுங்கள். சிகிச்சை தவிர, பங்களிப்புக் காலமான ஆறு மாதத்தில் 78 நாளாவது கட்டியிருந்தால், மருத்துவ விடுப்புக்கு வருடத்தில் 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வேலையை விடுவதைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். எண்ணிக்கை ஏறும்வரை கனமான, கூர்மையான வேலைகளைத் தவிர்த்து கவுன்டரில் உட்காரவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எங்கே போவது? மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையில் முதல் ரத்தப் பரிசோதனைகளைத் தொடங்கலாம். உங்களுக்கு இப்போதுள்ள எண்ணிக்கைக்கு நேராகக் கோரிமேடு ஜிப்மருக்கு வந்துவிடுவது நல்லது, ஒரு மணி நேரப் பயணம்தான். சிக்கலானால் வேலூர் சி.எம்.சி.யின் ரத்தவியல் பிரிவு இருக்கிறது. பழைய ரிப்போர்ட், தேதிவாரியாக எண்ணிக்கை, புள்ளிகளை எடுத்த போட்டோ, மருந்துப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

வரும்போது அம்மாவையும் அழைத்துவாருங்கள். அதற்கு முன்னால், இன்று ராத்திரியே அந்த டம்ளரை அவர் கையில் கொடுத்து உங்கள் கணுக்காலில் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.